சின்னக் குறைன்னு கடல்கிட்ட போய்ச் சொல்லுங்க!

நம்ம ஊர் வியாபாரத்துல எனக்குப் பிடிக்கவே பிடிக்காத வாக்கியம் ஒண்ணு இருக்கு. "சார், இது ரொம்ப மைனர் சார், நீங்களே அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்." செல்போன்ல ஆரம்பிச்சு அடுக்குமாடி வீடு வரைக்கும் இதே பல்லவிதான். கதவு சரியா மூடலையா? மைனர். டைல்ஸ் ஏத்த இறக்கமா இருக்கா? மைனர். நாமளும் "சரி விடு, புதுப் பொருள்னா அப்படி இப்படித்தான் இருக்கும்"னு தலையாட்டிட்டு, காசை மட்டும் முழுசா எண்ணிக் குடுத்துட்டு வந்துடறோம். ஒரு தடவை மாத்திச் செஞ்சு பாருங்க. பில்லுல ஆயிரம் ரூபாய் குறைச்சுக் குடுத்துட்டு, "மைனர்தானே அண்ணாச்சி, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க"ன்னு சொல்லிப் பாருங்க. அப்புறம் தெரியும் எது மைனர், எது மேஜர்னு :-)

இந்தப் பதிவு அந்த ஒத்தை வார்த்தைக்கு எதிராகத்தான். அதுவும் கடலுக்குள்ள போற ஒரு பொருளைப் பத்தி அந்த வார்த்தையைச் சொல்றாங்க பாருங்க, அதுக்கு எதிராக.

முதல்ல என் கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். சொந்த ஊர் திருச்செந்தூர். பொட்டி தட்டுற வேலை. நாள் முழுக்கத் திரையையே பார்க்கிற கண்ணுக்குக் கொஞ்சம் கடலையும் காட்டலாமேன்னு காசு சேர்த்து ஒரு பாய்மரக் கயாக் வாங்கினேன். கயாக் தெரியாதவங்களுக்கு: ஒரு ஆள் கால் நீட்டி உட்கார்ந்து துடுப்பு போடுற ஒல்லியான படகு. நான் வாங்கினதுல கூடவே ஒரு சின்னப் பாய்மரமும், காலால திருப்புற சுக்கானும் உண்டு. மேல உட்கார்ந்து போறது, அலை அடிச்சா தண்ணி வழிஞ்சு ஓடிப் போறது எல்லாம் நம்ம கட்டுமரம் மாதிரியேதான். பிளாஸ்டிக்ல பொறந்த பேரன்னு வெச்சுக்கோங்க.

பார்சல் வந்து பிரிச்சுப் பார்த்தா நாலு குறை.

ஒண்ணு: உடம்புல நிறம் கோடு கோடா ஒரே சீரா இல்ல, ஸ்டிக்கர் கோணலா ஒட்டியிருக்கு.

ரெண்டு: பாய்மரம் செருகுற குழியோட அடியில ஊசி முனை அளவு ஓட்டை.

மூணு: சுக்கானைப் பிடிச்சிருக்கிற நாலு திருகுல ரெண்டு, இறுக்க இறுக்கச் சும்மா சுத்துது. பிளாஸ்டிக்குள்ள புதைச்சிருக்கிற பித்தளை நட்டு பிடிக்கவே இல்ல.

நாலு: சாமான் வைக்கிற அறையோட மூடியில ரப்பர் வளையம் ஒரு இடத்துல ஒட்டாம இடைவெளி விட்டிருக்கு.

போட்டோ எடுத்து அனுப்பினேன். வந்த பதில்: "நாலுமே மைனர் சார். எம்-சீல் வெச்சு ஓட்டையை அடைச்சுக்கோங்க. திருகு கொஞ்சம் பெரிய சைஸா போட்டுக்கோங்க. வேணும்னா அடுத்த ஆர்டர்ல ஏதாவது தள்ளுபடி பார்த்துச் செய்றோம்." ஒரு ஆள் எத்தனை கயாக்தான்யா வாங்குவான்?

இதுல முதல் குறையைப் பத்தி எனக்கு ஒரு புகாரும் கிடையாது. நிறக்கோட்டுக்காக யாரும் கடல்ல மூழ்கினது இல்ல. இதை ஏன் சொல்றேன்னா, "இவன் எதுக்கெடுத்தாலும் குத்தம் கண்டுபிடிக்கிற ஆளு"ன்னு நினைக்கிறவங்களுக்காக. குறைகள்ல வித்தியாசம் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா அந்த வித்தியாசத்தை யார் தீர்மானிக்கிறது? சண்டையே அங்கதான்.

எங்க தொழில்ல இதுக்கு ஒரு பழக்கம் உண்டு. மென்பொருள்ல ஒரு பிழை வந்தா, அது சின்னதா பெருசான்னு பேர் வைக்கிற வேலையை அந்தக் கோடை எழுதினவன்கிட்ட மட்டும் விட மாட்டாங்க. அவனைக் கேட்டா எல்லாமே சின்னதுன்னுதான் சொல்லுவான். அதைப் பயன்படுத்துறவனுக்கு என்ன நடக்கும்ங்கிறதுதான் கணக்கு. 1996 ஜூன் 4-ம் தேதி ஐரோப்பாவோட ஏரியன் 5 ராக்கெட் முதல் தடவையா கிளம்பிச்சு. சுமார் 40 வினாடியில சிதறிப் போச்சு. காரணம், 64 பிட் எண் ஒண்ணை 16 பிட் எண்ணா மாத்துற இடத்துல ஒரு பிழை. அந்த நிரல் பழைய ஏரியன் 4-ல இருந்து எடுத்தது. அங்க அது ஒரு தொந்தரவும் குடுக்கல, ஏன்னா அந்த ராக்கெட்டோட கிடைமட்ட வேகம் அந்த அளவுக்குப் போகவே போகாது. பிழை அதேதான், ராக்கெட்தான் வேற. திருச்செந்தூர் பக்கத்துல இருக்கிற குலசேகரன்பட்டினத்துல ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில அடிக்கல் நாட்டினாங்க. அந்தத் தளத்துக்கு நட்டு சப்ளை பண்றவர் "மைனர் சார்"னு சொன்னா நாம சும்மா விடுவோமா? ஆனா அதே கடற்கரையில படகு எறக்குறவன்கிட்ட மட்டும் சொல்லலாம்!

இப்ப என் ஊசி முனை ஓட்டைக்கு வருவோம். படிச்ச பொறியியலுக்கு ஒரு பயன் வேணாமா?

கயாக்கோட உடம்பு ஒரு மூடின காத்துப் பொட்டி. உள்ள 250 லிட்டர் காத்து இருக்குன்னு வெச்சுக்கோங்க. கரை மணல்ல வெயில் குடிச்சுக் கிடக்கும்போது உள்ள காத்து 45 டிகிரி வரைக்கும் போகுதுன்னு எடுத்துக்குவோம். அதை 28 டிகிரி கடல்ல எறக்கினா காத்து குளிர்ந்து சுருங்கும். கெல்வின்ல சொன்னா 318-ல இருந்து 301. நூத்துக்கு அஞ்சு பங்குக்கு மேல சுருக்கம். அதாவது சுமார் 13 லிட்டர். அந்த இடத்தை நிரப்ப வெளியில இருந்து ஏதாவது உள்ள வந்தே ஆகணும். பாய்மரக் குழியில எப்பவும் அலைத் தண்ணி தேங்கி நிக்கும். அதோட அடியிலதான் ஓட்டை. ஸ்ட்ரா போட்டு உறியுற மாதிரி படகே தண்ணியை உறியும். அதிகபட்சமா பாதி கேனுக்கு மேல தண்ணி, அதுவும் வெப்ப வித்தியாசத்தால மட்டும். அதுக்கப்புறம் அலை அடிக்க அடிக்க வர்றது தனிக் கணக்கு.

உள்ள போன தண்ணி ஒரு இடத்துல நிக்காது. படகு எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமே ஓடும், சாய்வை இன்னும் கூட்டும். பாய் விரிச்ச படகு ஏற்கெனவே காத்துக்குச் சாஞ்சுதான் ஓடும். மிச்சத்தை நீங்களே யோசிச்சுக்கோங்க.

அடுத்து சும்மா சுத்துற திருகு. திருச்செந்தூர்க் கடல் கிழக்கே பார்த்தது. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கச்சான் அடிக்கும். மேற்கே இருந்து வர்ற காத்து. கரையில நிக்கிறவனுக்குக் கடல் அமைதியாத்தான் தெரியும், ஏன்னா காத்து நிலத்துல இருந்து கடலைப் பார்த்துப் போகுது. இந்தக் காத்துல போகும்போது சுக்கான் கழண்டா, கயாக் கரைக்குத் திரும்பாது. காத்து மன்னார் வளைகுடாவுக்குள்ள தள்ளிக்கிட்டே போகும். நேர் எதிர்ல இலங்கை. பாஸ்போர்ட் இல்லாம ஃபாரின் போகலாம்னு ஜோக் அடிக்கலாம், ஆனா எங்க வீட்ல சிரிக்க மாட்டாங்க. மீனவர்களுக்கு இந்த ஆபத்து புதுசு இல்ல. அதனாலதான் அவங்க சுக்கானை "மைனர் பார்ட்"னு சொல்றதில்ல.

சரி, எதிர்வாதங்களுக்கு வருவோம். நண்பர்கள் நேர்ல சொன்னதையும் சேர்த்தே பதில் சொல்லிடறேன்.

"எம்-சீல் வெச்சு முடிச்சா போச்சு, இதுக்கு ஒரு பதிவா?"

எம்-சீல் நல்ல பொருள்தான், எங்க வீட்டுத் தண்ணித் தொட்டியே சாட்சி. ஆனா இந்த மாதிரி கயாக் செய்யறது பாலிஎத்திலீன்ல. தூளை அச்சுக்குள்ள போட்டு, சூடாக்கி, சுத்திச் சுத்தி வார்க்கிறது. பாலிஎத்திலீன் மேல எபாக்ஸி வகைப் பசை ஒழுங்கா ஒட்டவே ஒட்டாது. அன்னிக்கு அடைச்ச மாதிரி இருக்கும், நாலு தடவை வெயிலும் அலையும் பட்டதும் பக்கோடா மாதிரி உதிரும். அதே பிளாஸ்டிக் கம்பியை உருக்கி வெல்டு பண்ணணும், அதுக்குக் கருவியும் கை அனுபவமும் வேணும். அந்தப் படகைச் செஞ்சவங்களுக்கே இது தெரியாதுன்னா பயமா இருக்கு. தெரிஞ்சும் சொன்னாங்கன்னா இன்னும் பயமா இருக்கு.

"அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க படகைத் தாங்களே ரிப்பேர் பண்ணிக்கலையா?"

பண்ணாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச வாதம் இது, ஏன்னா இது என் கட்சிக்குத்தான் சாட்சி. கட்டுமரம்ங்கிறது பேருக்கு ஏத்த மாதிரி கட்டின மரம். கரைக்கு வந்ததும் கயித்தை அவுத்து, தடிகளைப் பிரிச்சுக் காயப் போடலாம். ஒவ்வொரு தடியும் எப்படி இருக்குன்னு சொந்தக்காரன் கண்ணுக்குத் தெரியும். பழுது பார்க்கிறதுக்குன்னே செஞ்ச வடிவம் அது. வள்ளத்துக்கும் தோணிக்கும் ஓடாவி இருந்தார். தூத்துக்குடித் தோணி கொழும்புக்குச் சரக்கு ஏத்திட்டுப் போன காலத்துல, பலகைச் சந்துல பஞ்சைத் திணிச்சுக் கலப்பத்து அடிச்சவர் அதே கடற்கரையில குடியிருந்தார். ஒழுகினா வீட்டு வாசல்ல போய் நின்னு கேட்கலாம். என் கயாக் ஒட்டு மொத்தமா மூடின பொட்டி. செஞ்சவர் எங்கயோ இருக்கார், கஸ்டமர் கேர் நம்பர்ல பாட்டு மட்டும் ஓடுது. பிரிக்க முடியாத பொருளை வித்துட்டு, பிரிச்சுப் பார்த்த தாத்தாவை உதாரணம் காட்டுறது நியாயமா?

"நம்ம ஊர்ல இப்பத்தான் இந்தத் தொழிலே வளருது. கேள்வி கேட்டே கொன்னுடாதீங்க."

இந்த வாதம்தான் ரொம்ப ஆபத்து. ஒரு தொழில்ல கேள்வி கேட்க ஆள் இல்லன்னா என்ன ஆகும்னு இந்தக் கடற்கரை ஏற்கெனவே பார்த்திருக்கு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் ஒரே நேரத்துல ஆயிரக்கணக்கான கண்ணாடியிழைப் படகு தேவைப்பட்டுது. அரசும் தொண்டு நிறுவனங்களும் பணத்தோட நின்னாங்க. புதுசு புதுசா படகு கட்டுற பட்டறைகள் முளைச்சுது. கண்ணாடியிழைப் படகுங்கிறது பொறுமையைக் கேட்கிற வேலை. இழைப் பாயை அடுக்கடுக்கா விரிச்சு, ரெசின் ஊத்தி, உருளையால காத்துக் குமிழியை வெளியேத்தணும். கேட்டலிஸ்ட் அளவு, வெயில், ஈரம் எல்லாம் சரியா இருக்கணும். அவசரப்பட்டா குமிழி உள்ளேயே தங்கும், ரெசின் எட்டாத இடத்துல இழை வறண்டு கிடக்கும், அடுக்கு பிரியும். மேல பளபளன்னு பெயிண்ட் அடிச்சா எதுவும் தெரியாது. அப்போ வந்த படகுகள்ல தரம் குறைஞ்சது நிறைய இருந்ததுன்னு புகார் எழுந்துச்சு. இலங்கையிலயும் இதே கதை. 2009-ல ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு கண்ணாடியிழைப் படகை எப்படிக் கட்டணும்னு படம் போட்டு ஒரு கையேடே வெளியிட்டுது.

அதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. காசு குடுத்தவர் வேற, கடலுக்குப் போனவர் வேற. குடுத்தவர் ரிப்பன் வெட்டி போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிட்டார். வாங்கினவர் "இனாமா வந்ததுல என்ன குறை சொல்றது"ன்னு வாயை மூடிக்கிட்டார். கேள்வி கேட்க ஆளே இல்லாத சந்தை அது. அங்க தரம் எப்படி வரும்? ஆக, கேள்வி கேட்டா தொழில் செத்துடும்னு யாரும் கவலைப்பட வேணாம். கேட்காத இடத்துலதான் அது கெட்டுப்போகுது.

என் கயாக்கைப் பார்க்க வந்த அமலிநகர் அண்ணாச்சி ஒருத்தர் எதுவும் பேசல. விரல் முட்டியால உடம்பு முழுக்கத் தட்டிக்கிட்டே போனார். "வள்ளம்னா சத்தத்துலயே தெரிஞ்சுரும் தம்பி. நல்லா இருந்தா கணீர்னு கேக்கும். உள்ள பிரிஞ்சிருந்தா சத்தம் செத்துப் போவும். இது பிளாஸ்டிக்கு, இது பேச மாட்டேங்குதே" என்றார். கண்ணாடியிழைப் படகுகளைச் சோதிக்கிறவங்க உலகம் முழுக்க நாணயத்தாலயோ சின்னச் சுத்தியலாலயோ தட்டிப் பார்க்கிறது இதே முறைதான். அவர் எந்தக் கையேடும் படிச்சதில்ல. அப்புறம் கேட்டார்: "எங்களுக்கும் இப்படித்தான் சின்னது சின்னதுன்னு சொல்லுதான். நாங்க எங்க தம்பி போய்ச் சொல்ல?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவே. போய்ச் சொல்ல இடம் இருக்கு.

2020 ஜூலையில நடைமுறைக்கு வந்த 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல "குறைபாடு"ங்கிறதுக்கு விளக்கம் இருக்கு. தரத்துலயோ அளவுலயோ எந்தப் பிழையோ குறையோ பற்றாக்குறையோ இருந்தாலும் அது குறைபாடுதான். அதுல "பெரிய" அப்படீங்கிற அடைமொழி கிடையாது. மைனர்ங்கிற வார்த்தை விக்கிறவர் வாயில இருக்கு, விளக்கத்துல இல்ல.

"படகு வெச்சு மீன் பிடிக்கிறது வியாபாரம், அதனால மீனவர் நுகர்வோர் கிடையாது"ன்னு ஒரு பூச்சாண்டி காட்டுவாங்க. சுயதொழில் செஞ்சு தன் பிழைப்பை நடத்துறதுக்காக மட்டுமே ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்தினா, அதை வணிக நோக்கம்னு எடுத்துக்கக் கூடாதுன்னு சட்டமே சொல்லுது. ஒத்தை வள்ளம் வெச்சுத் தானே கடலுக்குப் போறவர் தாராளமா இதை எடுத்துச் சொல்லலாம்.

இன்னும் சில விஷயம். பொருள் வாங்கக் குடுத்த தொகை 50 லட்சம் வரைக்கும்னா மாவட்ட ஆணையத்துலயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்ல. விக்கிறவர் எந்த ஊர்ல இருந்தாலும், நாம குடியிருக்கிற இடத்துலயே போடலாம். அதாவது எங்களுக்குத் தூத்துக்குடி போதும். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். குறையைக் கண்டுபிடிக்கப் பரிசோதனை தேவைன்னா ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பில் குடுக்க மறுக்கிறதும், குறையுள்ள பொருளை பில்லுல சொன்ன கெடுவுக்குள்ள, கெடு போடலன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப எடுத்துப் பணம் தர மறுக்கிறதும் முறையற்ற வணிக நடைமுறைகள் பட்டியல்லயே இருக்கு. வழக்குக்கு முன்னாடி பேசிப் பார்க்கணும்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதனால படகோ கயாக்கோ புதுசா வாங்குறவங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். லாரிக்காரர் நீட்டுற காகிதத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாருங்க. நேரம் குடுக்கலன்னா "பிரித்துப் பார்க்கவில்லை"ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மூடிகளை மூடி, வடிகால் துளை வழியா வாயால காத்து ஊதி, சோப்பு நுரை தடவுங்க. நுரை பொங்குற இடம் ஓட்டை. ஒவ்வொரு திருகையும் கையால இறுக்கிப் பாருங்க. போட்டோ, தேதி, எழுத்துல புகார். போன்ல பேசினதை அன்னிக்கே மெயில்ல எழுதி அனுப்புங்க. முக்கியமா, பதில் வர்ற வரைக்கும் நீங்களா எதையும் அடைக்காதீங்க, துளை போடாதீங்க. அப்புறம் "நீங்கதான் கெடுத்தீங்க"ம்பாங்க. தள்ளுபடின்னு சொன்னா கேளுங்க: தள்ளுபடி ஓட்டையை அடைக்குமா?

செய்யறவங்களுக்கும் ஒண்ணு. இந்தச் சோப்பு நுரைச் சோதனைக்கு எனக்கு ஆன செலவு ஒரு சோப்பு, ஒரு பக்கெட் தண்ணி, அரை மணி நேரம். உங்க தொழிற்சாலையில இதைச் செஞ்சிருந்தா அந்த ஓட்டை திருச்செந்தூர் வரைக்கும் வந்திருக்காது. நான் தங்க முலாம் கேட்கல. தண்ணியில போற பொருளைத் தண்ணியில வெச்சுப் பார்த்துட்டு அனுப்புங்கன்னு கேட்கிறேன்.

என் கயாக் இப்ப மொட்டை மாடியில கவுந்து கிடக்கு. சுக்கான் பிடிப்பையும் மூடியையும் மாத்தி, ஓட்டையை வெல்டு பண்ணித் தரணும், இல்லன்னா திரும்ப எடுத்துக்கணும்னு கெடு வெச்சு எழுத்துல அனுப்பியிருக்கேன். கெடு முடிஞ்சா தூத்துக்குடி பஸ். அந்த மனுவோட நகலை அண்ணாச்சிகிட்டயும் குடுக்கிறதா சொல்லியிருக்கேன். கச்சான் அடங்குறதுக்குள்ள முடியுமான்னு பார்ப்போம்.

டிஸ்கி: கம்பெனி பேர் என்னன்னு கேட்டுப் பின்னூட்டம் போடாதீங்க மக்கா. அவங்களுக்குக் குடுத்த கெடு இன்னும் முடியல. அதுக்குப் பதிலா உங்க ஊர்ல, உங்க பொருள்ல கேட்ட "மைனர்" கதையை எழுதுங்க. எத்தனை தேறுதுன்னு எண்ணிப் பார்க்கலாம்.